ஜீப்பின் அடியில் ஒரு துளை

போன மாதம் நான் உங்கள் கராஜுக்கு வந்திருந்தபோது உங்களில் ஒருவர் கைத்தொலைபேசியில் ஒரு படம் காட்டினீர்கள். எப்போதோ செய்வதை நிறுத்திவிட்ட ஒரு ஜீப்பை, அதே சதுர முகம், அதே வட்ட விளக்கு, வெளியே தெரிகிற கதவுப் பிணைச்சல் எல்லாவற்றோடும் ஒரு கொம்பனி மறுபடி செய்யத் தொடங்கியிருக்கிறதாம். "ஐயா, பழசு மாதிரியே கிடக்கு, என்ன?" என்று கேட்டீர்கள். நான் படத்தைப் பெரிதாக்கி, வாகனத்தின் அடிப்பக்கம் தெரிகிறதா என்று தேடினேன். தெரியவில்லை. விளம்பரக்காரர் யாரும் அடியைப் படம் பிடிப்பதில்லை. எனக்கோ வாகனம் என்றால் முதலில் அடியைப் பார்க்கவேண்டும்.

நானும் ஒரு ஜீப்புக்கு உயிர் கொடுத்தவன்தான். என்னிடம் வந்தது, அந்தக் கொம்பனி நிறுத்திவிட்ட அசல் பழையது. அந்த வேலையில் ஒரு பிழை விட்டேன். முப்பது வருஷத்துக்கு மேல் ஸ்பனர் பிடித்தவன் விட்ட பிழை என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள், சிரியுங்கள். ஆனால் அது கவனக்குறைவால் வந்ததல்ல. கவனம் கூடிப்போய் வந்தது. அது எப்படி என்று இன்றைக்கும் யோசித்துப் பார்ப்பேன். புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு இதைச் சொல்லாமல் விட்டால் எனக்கு நிம்மதி இல்லை.

நான் ஓய்வு பெற்று வீட்டில் இருந்த காலம். வெளிநாட்டிலிருந்து வாகனம் இறக்குவதை அரசாங்கம் நிறுத்தி வைத்திருந்தது. ஒரு சனிக்கிழமை காலை சிவகௌரி என்று ஒரு ஆசிரியை என் வீட்டுப் படலையில் வந்து நின்றார். கண்டாவளைப் பக்கத்தில் சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்குப் படிப்பிப்பவர். ஐம்பது வயதுக்குக் கிட்ட இருக்கும். உங்கள் கராஜ் உட்பட மூன்று இடத்தில் கேட்டுவிட்டுத்தான் என்னிடம் வந்திருந்தார். அந்த மூன்றில் ஒன்று நீங்கள் என்பதை மறந்துவிடாதீர்கள்.

"அண்ணை, போன இடமெல்லாம் ஜீப்பைப் பழைய இரும்புக்குக் குடுக்கச் சொல்லுகினம். நீங்களும் அதைத்தான் சொல்லப்போறீங்கள் எண்டா முதல்லயே சொல்லிப்போடுங்கோ. எனக்கு மினக்கெட நேரமில்லை."

"வாகனத்தைப் பாக்காமல் நான் ஒண்டும் சொல்லமாட்டன், தங்கச்சி. ஏன், இப்ப ஏன் ஜீப்?"

அவர் சொன்னார். கணவர் குணராசாவுக்கு இரண்டு சிறுநீரகமும் பழுது. கிழமைக்கு இரண்டு தரம் கிளிநொச்சி வைத்தியசாலையில் இரத்தத்தைச் சுத்திகரிக்கவேண்டும். மழையில்லாத காலத்தில் ஆட்டோவில் போய் வந்துவிடுவார்கள். மாரியில்தான் வில்லங்கம். இரணைமடுக் குளத்தின் வான்கதவுகளைத் திறந்தால் அவர்கள் வீட்டிலிருந்து பிரதான வீதிக்கு வரும் பாதையில் தண்ணீர் ஏறிவிடும். அன்றைக்கு எந்த ஆட்டோக்காரரும் தொலைபேசியை எடுப்பதில்லை. போன மாரியில் அடுத்தடுத்து இரண்டு தவணை தப்பிப்போய், குணராசா மூச்செடுக்க முடியாமல் கிடந்து, கடைசியில் படகில் ஏற்றிப் போய்க் காப்பாற்றியிருக்கிறார்கள். இனி அப்படி நடந்தால் தாங்காது என்று டொக்டர் சொல்லிவிட்டார்.

"மாரிக்கு முன்னம் எனக்கு அது ஓடவேணும்" என்றார் சிவகௌரி. "அப்பா அதிலதான் எனக்கு ஓடப் பழக்கினவர். வெள்ளத்துக்குள்ள எத்தினை தரம் போயிருக்கிறம்."

அந்தக் கடைசி வசனத்தில் என் காது நின்றிருக்கவேண்டும். நிற்கவில்லை. நான் ஜீப்பைப் பார்க்கும் அவசரத்தில் இருந்தேன்.

ஏதோ ஒரு அரச திணைக்களம் ஏலத்தில் விட்டதை அவருடைய தகப்பன் வாங்கியிருக்கிறார். போர்க்கால இடம்பெயர்வுகளுக்கு முன்பே அதை வவுனியாவில் சொந்தக்காரரின் அரிசி ஆலைக்குப் பின்னால் கொண்டுபோய் விட்டிருந்தார், அதனால் தப்பியது. உமித் தூசு ஒரு விரற்கடைக்குப் படிந்திருந்தது. தகப்பன் காலமாகிப் பல வருஷம். லொறியில் ஏற்றிவந்து என் முற்றத்தில் இறக்கினார்கள். என் மனுசி கூப்பிட்டும் நான் சாப்பிடப் போகாமல் அதைச் சுற்றிச் சுற்றி வந்தேன்.

உங்களுக்குப் புதுக் கார்களில் கணினியைச் செருகினால் நோயைச் சொல்லிவிடும். இந்த ஜீப் எதையும் சொல்லாது, நாங்கள்தான் கேட்கவேண்டும். முன்கண்ணாடிக்குக் கீழே இரண்டு தகரக் கதவுகள் ஏன்? திறந்தால் காற்று நேரே முகத்துக்கு வருகிறது. குளிரூட்டி இல்லாத காலத்துக் குளிரூட்டி. முன் பம்பரின் நடுவில் ஏன் ஒரு ஓட்டை? கம்பியை விட்டு எஞ்சினைக் கையால் சுற்றுவதற்கு. கியர்த் தடிக்குப் பக்கத்தில் சிவப்புக் குமிழோடு ஒன்றும் மஞ்சள் குமிழோடு ஒன்றும் ஏன்? ஒன்று மெல்லப் போகும் பலத்துக்கு, மற்றது நாலு சில்லும் இழுப்பதற்கு. ஒவ்வொரு கேள்விக்கும் விடை கிடைக்கும்போது எனக்குப் பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிய சந்தோசம். அதில் வேலை செய்த இரண்டு மாதமும் என் வாழ்க்கையில் நல்ல மாதங்கள் என்று வெளிப்படையாகச் சொல்கிறேன்.

உதிரிப்பாகம் தேடிய கதை, ரேடியேற்றரைப் பற்றவைத்த கதை எல்லாம் உங்களுக்குத் தேவையில்லை. நீங்கள் என்னைவிட நன்றாகப் பற்றவைப்பீர்கள். நான் சொல்ல வந்தது துளையைப் பற்றி.

எஞ்சினுக்கும் கியர்ப் பெட்டிக்கும் நடுவில் கிளச் இருக்கும் கூட்டின் அடியில், ஒரு விரல் போகும் அளவுக்கு ஒரு துளை. உள்ளே மரை வெட்டியிருந்தது. அதாவது ஒரு போல்ட் பூட்டவேண்டிய இடம். போல்ட் இல்லை. எஞ்சினின் பின்பக்கத்தில் எண்ணெய் கசியாமல் தடுக்கும் ஒயில் சீல் கொஞ்சம் தேய்ந்திருந்தது, புதிது கிடைக்கவில்லை. அதனால் இரவில் நிற்கும்போது ஐந்தாறு சொட்டும், ஓடும்போது அதைவிடக் கூடவும் ஒயில் அந்தத் துளை வழியாக வெளியே விழும். ஓட்டத்துக்கு அது ஒரு குறையே இல்லை.

ஆனால் நான் தொழில் பழகியது, போரின்போது வன்னிக்குள் பொருள் எதையும் விடாத பொருளாதாரத் தடைக் காலத்தில். கிளிநொச்சியில் எனக்குப் பழக்கிய பெரியவர் ஒவ்வொரு வாகனத்துக்கு அடியிலும் ஒழுகுவதை ஏந்த வெறும் பால்மா ரின் வைப்பார். காலையில் ரின்களில் சேர்ந்த ஒயிலைத் துணியில் வடித்து, ஒரு சொட்டும் சிந்தாமல் போத்தலில் விடுவார். ஒயில் ஒழுகும் வாகனத்தை நாங்கள் வெளியே அனுப்பினால் அன்று முழுக்க எங்களோடு பேசமாட்டார். அப்போது ஒயில் கிடைப்பது அவ்வளவு அருமை; அவர் செய்தது சரி. வன்னியில் அந்தக் காலத்தில் பழகிய எந்த மெக்கானிக்கையும் கேட்டுப் பாருங்கள், ஒழுகும் இடத்தைக் கண்டால் கை தானாகப் போகும். தடை போய், கடைகளில் ஒயில் கொட்டிக் கிடக்கும் காலத்திலும் என் கை மாறவில்லை.

ஜீப்பின் இருக்கைக்குக் கீழே உள்ள பெட்டியில் ஒரு போல்ட் கிடைத்தது. கிறீஸ் பூசி, துணியில் சுற்றி, மற்ற ஆணிகளோடு சேராமல் தனியாக வைத்திருந்தார்கள். எடுத்துத் துளையில் வைத்துச் சுற்றினேன். அளந்து செய்ததுபோல் ஏறியது. தொலைந்துபோனது கிடைத்துவிட்டது என்று துள்ளினேன். மரைக்கு நூல் சுற்றி, ஒரு சொட்டும் கசியாதபடி இறுக்கிவிட்டேன். மறுநாள் காலை நிலம் காய்ந்திருந்தது. பெரியவர் உயிரோடு இருந்தால் ஒரு தேத்தண்ணி வாங்கித் தந்திருப்பார்.

இத்தனை கேள்வி கேட்ட நான் ஒரு கேள்வியைக் கேட்கவில்லை. தொலைந்த போல்டை யார் கிறீஸ் பூசித் துணியில் சுற்றி வைப்பார்கள்?

ஜீப்பைக் கொடுத்தபோது சிவகௌரி ஏறி, ஒரு தரம் முற்றத்தைச் சுற்றி வந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார். ஐப்பசி முழுக்க வைத்தியசாலைக்கு அதில்தான் போய் வந்தார்கள். ஒரு தரம் வழியில் கண்டு நிறுத்தி, "அண்ணை, குதிரை மாதிரி ஓடுது" என்று சொன்னார். நானும் சந்தையில் இரண்டு பேருக்குக் குறையாமல் அதைச் சொல்லித் திரிந்தேன்.

கார்த்திகை நடுவில் மழை பிடித்தது. மூன்று நாள் விடாமல் பெய்து, வான்கதவுகளைத் திறந்துவிட்டார்கள் என்று வானொலியில் சொன்ன காலை, என் தொலைபேசி அடித்தது.

"அண்ணை, நான் கௌரி. ஜீப் இழுக்குதில்லை. எஞ்சின் இரையுது, ஆனா நகருதில்லை. இவருக்கு இண்டைக்கு ரத்தம் சுத்திகரிக்கிற நாள். போன தவணை அங்கை மிசின் பழுதெண்டு திருப்பி அனுப்பிப்போட்டினம். கால் ரெண்டும் வீங்கிப்போச்சு. இண்டைக்கும் தப்பினா..."

நான் ஸ்பனர்ப் பையை எடுத்தேன். "வாறன்" என்று மட்டும் சொன்னேன்.

தண்ணீர் தொடங்கும் இடம்வரை மோட்டார் சைக்கிளில் போனேன். அதற்கப்பால், தாழ்ந்த பக்கத்து வீடுகளில் இருந்து சனத்தைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிக்கொண்டிருந்த யோகன் என்பவரின் உழவு இயந்திரப் பெட்டியில் தொற்றிக்கொண்டேன். அந்தப் பையைத் தலையில் வைத்திருந்தேன். தண்ணீர் பெரிய சில்லின் பாதிக்கு நின்றது.

விறாந்தையில் குணராசா கதிரையில் முன்பக்கம் சாய்ந்து, இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி இருந்தார். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று இரவு முழுக்க அப்படியே இருந்திருக்கிறார். என்னைக் கண்டதும் சிரிக்கப் பார்த்தார். நான் அவருடைய காலைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

யோகன் உழவு இயந்திரத்தில் இருந்தபடியே கத்தினார். "அக்கா, ஐயாவை இதில ஏத்துங்கோ. ஆனா முதல்ல அங்கால பக்கம் ரெண்டு கிழவியளை எடுக்கவேணும். ஒரு மணித்தியாலத்தில திரும்பி வருவன். ஆயத்தமா இருங்கோ."

மேல் மூடாத பெட்டி, கொட்டுகிற மழை, மூச்சு வாங்கும் மனிதர். வேறு வழியில்லாவிட்டால் அதுதான். சிவகௌரி என் பக்கம் திரும்பினார்.

"ஜீப் வருமோ வராதோ? ஒண்டைச் சொல்லுங்கோ அண்ணை."

"கொஞ்சம் பொறுங்கோ, பாக்கிறன்."

ஏறி எஞ்சினைப் போட்டேன். கியரைப் போட்டுக் கிளச்சை விட்டேன். எஞ்சின் அலறியது, ஜீப் நின்ற இடத்திலேயே நின்றது. கருகிய மணம் வந்தது. கிளச் வழுக்குகிறது, அது உங்களுக்கும் தெரியும். கேள்வி, ஏன் என்பது. கிளச் தட்டைப் புதிதாக மாற்றி இரண்டு மாதம்தான் ஆகிறது.

இந்த இடத்தில் ஒன்றைக் கவனியுங்கள். பதற்றமான நேரத்தில் கை வேலை செய்யத் துடிக்கும். எதையாவது கழற்றினால் மனதுக்கு ஆறுதல். நான் அன்று செய்த ஒரே புத்தியான காரியம், எஞ்சினை நிறுத்திவிட்டு வாயைத் திறந்து கேட்டது. இரண்டு மாதத்துக்கு முன்னே கேட்டிருக்கவேண்டிய கேள்வி அது.

"தங்கச்சி, அப்பா வெள்ளத்துக்குள்ள போகேக்க என்ன செய்யிறவர்? ஒண்டும் விடாமல் சொல்லுங்கோ."

சிவகௌரி கண்ணை மூடி யோசித்தார். "மெல்லப் போவார். காத்தாடி பெல்ட்டைக் கழட்டுவார். தண்ணிக்கு முன்னம் நிப்பாட்டிப்போட்டு, கீழ படுத்து ஏதோ பூட்டுவார். அங்கால கரை ஏறினதும் திரும்பக் கீழ படுத்து அதைக் கழட்டுவார். அம்மா சேட்டுத் தோய்க்கேக்க ஏசுவா. துணியில சுத்திச் சீற்றுக்குக் கீழ வைப்பார்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. நான் முல்லைத்தீவுக் கடற்கரையில் பிறந்தவன். என் தகப்பனார் படகைக் கடலில் தள்ளுவதற்கு முன் அடியில் உள்ள துளைக்கு அடைப்பானைப் பூட்டுவார். கரைக்கு வந்ததும் கழற்றிவிட்டு உள்ளே நிற்கும் தண்ணீரை வடிய விடுவார். ஐந்து வயதில் அந்த அடைப்பானை என் கையில் தந்து பிடித்திருக்கச் சொல்லுவார். அதே சங்கதிதான் இது. தண்ணீரில் அடைக்கவேண்டும், தரையில் திறக்கவேண்டும். ஜீப்பைச் செய்தவன் ஒயில் கசியும் என்று தெரிந்துதான் அது வடிய ஒரு வழி விட்டிருக்கிறான். அந்த வழியை நான் நூல் சுற்றி அடைத்துவிட்டேன். இரண்டு மாதமாகச் சொட்டிய ஒயில் முழுக்க உள்ளே நின்றிருக்கிறது.

சேற்றில் படுத்து போல்டைக் கழற்றினேன். கறுத்த ஒயில் என் முழங்கைவரை வழிந்தது. அரைப் போத்தலுக்குக் குறையாது.

அந்த நேரம் என் மனதில் வந்ததை மறைக்கமாட்டேன். வெளியே வந்து, "பழைய வாகனம், தங்கச்சி, இப்படித்தான் இருக்கும்" என்று சொல்லியிருக்கலாம். எல்லோரும் நம்பியிருப்பார்கள். மூன்று கராஜ்காரர் அதையேதான் சொல்லியிருந்தார்கள். என் பெயரும் தப்பியிருக்கும். ஆனால் உண்மையைச் சொல்லாவிட்டால் அடுத்த வெள்ளத்திலும் அந்த மனுசிக்கு இந்தப் போல்டின் சங்கதி தெரியாது. நான் அருகில் இல்லாத ஒரு நாளில் அது திரும்பவும் நடக்கும்.

ஊர்ந்து வெளியே வந்து நிமிர்ந்தேன்.

"பிழை ஜீப்பில இல்லை. என்னில. திறந்திருக்கவேண்டிய துளையை நான் அடைச்சுப்போட்டன். ஒயில் நிறைஞ்சு கிளச் முழுக்க நனைஞ்சுபோச்சு."

சிவகௌரி ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். அவர், "சரி. இப்ப என்ன செய்யலாம்? அதைச் சொல்லுங்கோ" என்றார்.

"கழுவிப் பாக்கலாம். யோகன் திரும்பி வரும்வரைக்கும் எனக்கு நேரம் தாங்கோ. அதுக்குள்ள சரிவராட்டி இவரைப் பெட்டியில ஏத்துவம். நான் வீம்புக்கு நிக்கமாட்டன்."

அடுத்து நான் செய்ததை நீங்கள் செய்யக்கூடாது. கராஜில் இறக்கிச் சுத்தம் செய்யவேண்டிய வேலை அது. பற்றரி வயரைக் கழற்றி வைத்தேன். தாங்கியிலிருந்து பெற்றோல் எடுத்து, கால்தட்டுக்கு அடியில் உள்ள சின்ன மூடி வழியாகக் கிளச் கூட்டுக்குள் ஊற்றினேன். சிவகௌரி கிளச்சை மிதித்துப் பிடித்தார். ஒரு பொறியும் பறக்காமல் இருக்க, முன்னால் கம்பியை விட்டுக் கையால் எஞ்சினைச் சுற்றினேன். இந்தக் காலத்து வாகனம் எதிலும் அது முடியாது. கீழே கறுப்பாக வடிந்தது. திரும்ப ஊற்றினேன், திரும்பச் சுற்றினேன். மூன்றாம் தரம் கொஞ்சம் தெளிவாக வடிந்தது. என் தோள்மூட்டு இரண்டும் கழன்று விழும்போல் இருந்தது.

இனி ஒரே வேலை, காத்திருப்பது. பெற்றோல் ஆவி உள்ளே நிற்கும்போது துளையை அடைத்துக்கொண்டு ஓடினால், சூடேறிய கிளச்சில் என்ன நடக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. தண்ணீரோ படலைக்கு வந்துவிட்டது. ஐந்து நிமிசத்துக்கு ஒரு தரம் கீழே படுத்து மணந்து பார்த்தேன். மணம் இருந்தது. எழும்பினேன். திரும்பப் படுத்தேன். குணராசா மூச்சு விடும் சத்தம் விறாந்தையிலிருந்து கேட்டது. ஒரு வேலையும் செய்யாமல் நின்ற அந்த நேரத்தைப்போல் கடினமான நேரம் என் தொழிலில் வேறு இல்லை.

யோகன் திரும்பி வந்தார். பெட்டியில் இரண்டு கிழவிகளோடு இன்னும் ஆறேழு பேர், ஒரு ஆட்டுக்குட்டி.

"என்ன மாஸ்டர், வெளிக்கிடேல்லையோ? தண்ணி ஏறுது, கண் தெரியேல்லையோ?"

"இன்னும் பத்து நிமிசம்."

"பத்து நிமிசமோ! அந்தாள் கிடக்கிற கிடைக்கு..."

"யோகன், சும்மா நில்லும்" என்றார் குணராசா. ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் மூச்சு எடுத்தார். "அண்ணை தன்ரை பிழையைத் தானே சொன்னவர். இதையும் பொய் சொல்லமாட்டார்."

நான் நேரத்தைக் குறைக்கவில்லை. பத்து நிமிசம் கழித்துப் படுத்து மணந்தேன். சேற்று மணம் மட்டும் வந்தது. போல்டைப் பூட்டினேன், இந்த முறை நூல் சுற்றாமல், கையால் கழற்றக்கூடிய இறுக்கத்துக்கு. காத்தாடி தண்ணீரை எஞ்சினில் வாரி அடிக்காமல் இருக்க அதன் பெல்ட்டைக் கழற்றினேன். பற்றரியைக் கொழுவி எஞ்சினைப் போட்டு, கிளச்சை மெல்ல விட்டேன். ஜீப் ஒரு முழம் முன்னே வந்தது. ஆட்டுக்குட்டியோடு நின்ற கிழவி கை தட்டினார்.

"ஆர் ஓடுறது?" என்று யோகன் கேட்டார். நான் இறங்கி, ஓட்டும் இருக்கையைச் சிவகௌரிக்கு விட்டேன். அந்தப் பாதையும் அந்த ஜீப்பும் அவருக்குத் தெரிந்த அளவுக்கு எனக்குத் தெரியாது.

யோகன் பாதையின் விளிம்பைக் காட்டிக்கொண்டு முன்னே போனார். நாங்கள் பின்னே. குணராசா நடுவில், நான் அவர் தோளைப் பிடித்தபடி ஓரத்தில். சிவப்புக் குமிழை இழுத்து, முதலாம் கியரில், நடக்கும் வேகத்தில் சிவகௌரி தண்ணீருக்குள் இறக்கினார். கதவுக்குக் கீழால் தண்ணீர் உள்ளே வந்து எங்கள் காலை நனைத்தது. மதகடிக்குக் கிட்ட நீரோட்டம் பக்கவாட்டில் தள்ளியது. அங்கேதான் எஞ்சின் சத்தம் திடீரென்று உயர்ந்தது. வேகம் குறைந்தது. வழுக்கத் தொடங்கிவிட்டது.

"அமத்தி மிதியுங்கோ!" என்று கத்த என் வாய் திறந்தது. எல்லோருக்கும் அந்த நேரம் வரும் புத்தி அதுதான், இழுக்காவிட்டால் இன்னும் மிதி. வாயை மூடிக்கொண்டேன். சிவகௌரி காலை எடுத்தார். எஞ்சின் தணிந்தது. தணிந்ததும் கிளச் பிடித்தது. ஜீப் ஊர்ந்தது.

"தண்ணிக்குள்ள இரைஞ்சா காலை எடு எண்டுதான் அப்பா சொல்லுறவர்" என்றார் பாதையில் இருந்து கண்ணை எடுக்காமல். அதையும் நான் கேட்டிருக்கவில்லை.

அந்தப் பக்கம் கரை ஏறியதும் ஜீப்பை நிறுத்தினார். நான் இறங்கப் போனேன். "நீங்கள் இவரைப் பிடிச்சுக்கொண்டிருங்கோ. எங்கையெண்டு சொல்லுங்கோ, நான் கழட்டுறன்" என்று சிவகௌரி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஈர வீதியில் படுத்தார். நான் சொல்லச் சொல்லத் தடவிக் கண்டுபிடித்து, கழற்றி, பெல்ட்டையும் மாட்டினார். பரந்தன் வழியாக வைத்தியசாலைக்கு ஓடினோம்.

வாசலில் தாதி ஒருவர் குணராசாவைக் கண்டதும் ஒன்றும் கேட்காமல் சில்லுக் கதிரையில் வைத்து உள்ளே தள்ளிக்கொண்டு போனார். கொஞ்ச நேரத்தில் வெளியே வந்து, மிசினில் போட்டாயிற்று, மூச்சு சீராகிறது, பயப்படவேண்டாம் என்றார். நான் அவரைக் கும்பிட்டேன். சுவரோர வாங்குப் பலகையில் அமர்ந்து அழுதேன். வயது போனவர் அழுதால் வைத்தியசாலையில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, அது ஒரு வசதி.

சிவகௌரி முகம் கழுவிக்கொண்டு வந்து பக்கத்தில் இருந்தார். சேலை முழுக்கச் சேறும் ஒயிலும். நன்றி சொல்லப் போகிறாரோ, இல்லை, காலையில் ஏசாமல் விட்டதை இப்போது ஏசப் போகிறாரோ என்று நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அண்ணை, ஒண்டு கேக்கட்டோ?"

"கேளுங்கோ."

"வேற எதையும் அடைச்சு வைச்சிருக்கிறீங்களோ?"

கோபத்தில் கேட்கவில்லை. ஒரு பிள்ளையின் கணக்குக் கொப்பியைத் திறந்து வைத்துக்கொண்டு ஆசிரியை கேட்பாரே, அப்படிக் கேட்டார். நான் மனதுக்குள் ஜீப்பை முன் பம்பரிலிருந்து ஒவ்வொரு இடமாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். பெற்றோல் தாங்கியில் வந்து நின்றுவிட்டேன். தாங்கியின் மூடியில் ஊசி முனையளவு துளை ஒன்று இருந்தது. தூசு போகும் என்று சவர்க்காரம் வைத்து அடைத்திருந்தேன். தாங்கிக்குக் காற்றுப் போகும் வழி அது; காற்றுப் போகாவிட்டால் பெற்றோல் எஞ்சினுக்கு வராது. மூடியின் ரப்பர் பழசாகித் தளர்ந்திருந்ததால்தான் ஜீப் இத்தனை நாள் நடு வீதியில் நின்றுபோகாமல் ஓடியிருக்கிறது.

நான் எழும்பினேன்.

"ஒண்டு கிடக்கு, தங்கச்சி. உள்ளுக்குப் போய் அந்தத் தாதிப்பிள்ளையிட்டை ஒரு ஊசி வாங்கிக்கொண்டு வாங்கோ."